மச்சான் என்றொரு பாயிண்ட்

அக்டோபர் 6, திங்கள்

ஜிபிஎஸ் மெஷினுக்கு வாய் முளைத்துவிட்டது.

விடியற்காலையில் தம்பி பிரிட்டோ கடலுக்குக் கிளம்பினான். மெஷினை அமுக்கியவன் அப்படியே வாசலில் நின்றுவிட்டான். "எக்கா, இது பேசுதுக்கா" என்றான். வாங்கிக் காதில் வைத்தேன். செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஒரு பெண் குரல். "வணக்கம். புதிய பதிப்புக்கு உங்களை வரவேற்கிறோம். உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்கிறாள். இனிதாக ஆவதற்கு இவன் என்ன கொடைக்கானலுக்கா போகிறான்?

எல்லாம் ஹெர்மன் பார்த்த வேலை. எங்கள் சிப்பித்துறையில் மெஷின் விற்கிறவன், ரிப்பேர் பார்க்கிறவன் எல்லாம் அவன்தான். நேற்று ஊர் வாட்ஸப் குரூப்பில், "புது அப்டேட் வந்திருக்கு, எல்லாரும் சரி-ன்னு அமுக்குங்க" என்று போட்டான். ஊர் மொத்தமும் பூசை முடிந்த கையோடு அமுக்கியது. இன்றைக்கு எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முன்பு ஒரே அமுக்கில் வந்த பாயிண்ட், இப்போது நாலு கதவு திறந்து உள்ளே போனால்தான் கிடைக்கிறது.

சாயங்காலம் சந்தையிலிருந்து வந்து கூடையைக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டுக்காரர் கஸ்மீர் போன் நம்பருக்கு இந்த மாதக் காசு போட்டேன். போட்டுவிட்டு ஒரு தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடல்பக்கம் டவர் எப்போதும் சரியாக எடுக்காது.

இந்த நோட்டில் எழுதுவதும் அவருக்காகத்தான். கடலுக்குப் போனவர் ரெண்டு வருஷம் கழித்து வந்து நின்றுகொண்டு ஊரில் என்ன விசேஷம் என்று கேட்பார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. படித்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

பிரிட்டோவுக்குக் காது வலிக்கிறதாம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் போனதும் அதன் பேரைச் சொல்லி, "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்கிறாளாம். நீரோட்டத்தில் வள்ளம் கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பினால் மறுபடியும் சொல்கிறாளாம். சத்தத்தைக் குறைக்க வழியில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஊர் ரெண்டுபட்டுக் கிடக்கிறது.

பாயிண்ட் என்றால் என்னவென்று கடல் தெரியாதவர்களுக்குப் புரியாது. தண்ணீருக்கு அடியில் எங்கே கல் இருக்கிறது, எங்கே மீன் அடைகிறது என்று ஒவ்வொருவனும் வருஷக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்து மெஷினில் குறித்து வைத்திருப்பான். அதற்கு ஒரு பேரும் வைப்பான். பெண்டாட்டிக்குக்கூடக் காட்டமாட்டான். அண்ணன் பாயிண்ட் தம்பிக்குத் தெரியாது. பக்கத்தில் வேறு வள்ளம் வந்தால் மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அப்படிக் காப்பாற்றிய சமாச்சாரம் இது.

இன்று பார்த்தால் எல்லாருடைய பாயிண்டும் எல்லாருடைய மெஷினிலும் கிடக்கிறது. எங்கள் மெஷினில் ஏற்கெனவே இருந்தது நாற்பது சொச்சம். இப்போது தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. "இன்னாசி தங்கம்", "சொல்லாதே", "பொண்ணு கல்யாணம்", இன்னும் எழுதக் கூசுகிற பேரெல்லாம்.

ஹெர்மன் கடை வாசலில் வெட்டுக்குத்து நடக்காததுதான் பாக்கி. இன்னாசி மாமா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசமா மூடி வச்சிருந்தேம்ல. எம்மவனுக்கே இன்னும் குடுக்கல" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் வயிறு எரிந்தது. எங்கள் பாயிண்டை வைத்துத்தான் பிரிட்டோ வள்ளம் ஓட்டுகிறான், எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நானும் என் பங்குக்கு ஹெர்மனைக் கிழித்துத் தோரணம் கட்டினேன்.

அக்டோபர் 11, சனி

செலஸ்டின் அண்ணன் வழக்கம்போல மீன் கொண்டுவந்தார். சனிக்கிழமை தவறமாட்டார். கஸ்மீரும் அவரும் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். ஒருவரையொருவர் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் நான் அவருக்குத் தங்கச்சி. கஸ்மீர் போன பிறகு, "மச்சான் பங்கு தங்கச்சி" என்று சொல்லி வாரம் ஒரு மீன் வைத்துவிட்டுப் போகிறார். இன்றைக்குக் கலவாய். கைக்குழந்தை அளவு இருந்தது. கஸ்மீர் இருந்தபோதுகூட இந்தப் பருமனில் கலவாய் வீட்டுக்கு வந்ததில்லை.

மற்ற நாளில் காப்பி குடித்துவிட்டுத்தான் போவார். இன்று உட்காரவே இல்லை.

"தங்கச்சி, ஒம் மெஷினு எங்க?" என்றார்.

"பிரிட்டோ கையில இருக்கு. ஏன் அண்ணே?"

"குடு, தூத்துக்குடியில எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். எல்லாத்தையும் அழிச்சிப் பழையபடி ஆக்கித் தருவான். நீ அதுல ஒண்ணும் பாக்காத. குழப்பிரும்."

எவ்வளவு அக்கறை. திங்கட்கிழமை வாங்கித் தருகிறேன் என்றேன். ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கலவாய்த் தலையைக் குழம்பு வைத்தேன். நடுத்துண்டை மிளகு போட்டு வறுத்தேன். பிரிட்டோ மூன்று தட்டுச் சோறு தின்றான்.

அக்டோபர் 13, திங்கள்

கம்பெனிக்குப் போன் போட்டேன். சந்தையில் உட்கார்ந்து சாளை மீன் விற்றுக்கொண்டே ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசித்தார்கள். அரைக்கூடை சாளை விற்றுத் தீர்ந்தது, குழல் தீரவில்லை. சந்தைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள்.

கடைசியில் ஒரு பெண் பேசினாள். சின்னப் பிள்ளைக் குரல்.

"மேடம், இது பிரச்சினை இல்ல மேடம், புது வசதி. ஒரே குடும்பத்துல இருக்கிற மெஷின் எல்லாம் இனிமே தானாவே தகவலைப் பகிர்ந்துக்கும்."

"யாரு குடும்பம்?"

"ஹெர்மன் குடும்பம்னு காட்டுது மேடம்."

கல்யாணமே ஆகாத ஹெர்மனுக்கு ஊர் முழுக்கக் குடும்பம். பக்கத்தில் கூடை வைத்திருக்கும் சலோமி சிரித்துச் சிரித்துப் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். "சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீங்க மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டது. நல்லா இரு தாயி என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

நேரே ஹெர்மன் கடைக்குப் போனேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "மைனி, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மெயில் கேட்டுச்சு. நம்ம ஆளுவளுக்கு மெயிலு எங்க இருக்கு? திருநாள் சமயம், எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நிக்காவ. எம் மெயிலயே எல்லாத்துக்கும் போட்டுட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் மைனி. ஆரம்பத்துல இருந்து."

எங்கள் ஊர் லட்சணம் இது. கரண்டு பில், கேஸ் சிலிண்டர், எது என்றாலும் கையில் போன் வைத்திருக்கிற ஒருத்தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். செலஸ்டின் அண்ணனுக்கு மெஷினைக் கொடுக்க மறந்துவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

பிரிட்டோ முற்றத்தில் உட்கார்ந்து பாயிண்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தக் குரல்காரி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "பெர்ப்பி கோபம்" என்றாள்.

அருவாமனையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பெர்ப்பெத்தம்மாள் என்கிற என்னைப் பெர்ப்பி என்று கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருத்தர்தான். சண்டை போட்ட ஒரு நாள் சோறு கொண்டுபோகாமல் கோபத்தில் கிளம்பி, புது இடத்தில் வஞ்சிரம் குவித்துக்கொண்டு வந்தார். "நீ தெனமும் சண்டை போடு பெர்ப்பி" என்றார். அந்த இடத்துக்கு இந்தப் பேரா வைத்திருந்தார் மனுஷன். எனக்குத் தெரியாது.

இன்னும் வந்தது. "மாமியா கல்லு", "ரெண்டாம் பூசை", "பெர்ப்பி சிரிப்பு". சிரிப்பு ஒன்றுதான் இருந்தது, கோபம் மூன்று இருந்தது. வாயில் ரத்தக் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன்.

அவர் மெஷின் அவரோடுதான் போனது. அதில் இருந்தது இங்கே வந்திருக்கிறது என்றால் மெஷின் எங்கேயோ நல்லபடியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஹெர்மனைக் கேட்டேன். "இல்ல மைனி, பேட்டரி மாத்தக் கடைக்குக் கொண்டாந்தப்ப என் கம்ப்யூட்டருல மாட்டினேன். அப்ப அதுல இருந்த பாயிண்டெல்லாம் கம்பெனிக்குப் போயிருக்கு. அதத்தான் இப்ப இறக்கிருக்கு" என்றான். அவனை யார் இவ்வளவு விவரமாகச் சொல்லச் சொன்னது.

அக்டோபர் 18, சனி

செலஸ்டின் அண்ணன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளிக்காக வியாபாரிகள் லாரி அனுப்பவில்லை. இன்றைக்கு வள்ளங்கள் எல்லாம் போய் வந்தன.

வெட்கம் கொஞ்ச நாள்தான் தாங்கும் போலிருக்கிறது. அடுத்தவன் பாயிண்டில் கை வைப்பது பாவம் என்று போன வாரம் கத்தியவர்கள் எல்லாம் இந்த வாரம் அடுத்தவன் பாயிண்டில்தான் தூண்டில் போடுகிறார்கள். பிரிட்டோவும்தான். கூடை நிறையக் கலவாயோடு வந்தான்.

"எங்கடா பிடிச்ச?"

"மச்சான்-னு ஒரு பாயிண்டுக்கா. யாருதுன்னு தெரியல. போட்ட ஒடனே கடிக்கி. சுத்தி எல்லாம் வெறும் மணலு, அங்க மட்டும் மீனு மொய்க்கி."

யார் பாயிண்டோ, அவன் மச்சான் நல்லா இருக்கட்டும் என்றேன். நல்ல விலைக்குப் போனது. ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டோம்.

அக்டோபர் 23, வியாழன்

குழம்புக்கு ஈருள்ளி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். வருகிற வழியில் மெஷினோடு ஹெர்மன் கடையில் ஏறினேன். கஸ்மீர் பாயிண்டுகளை மட்டும் தனியாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் போனேன். ஒவ்வொரு பாயிண்டையும் அமுக்கினால் எந்த மெஷினில், எந்தத் தேதியில் குறித்தது என்று வருகிறது. எந்த மெஷின் யாருடையது என்று ஹெர்மனுக்குத் தெரியும். பிரித்துக்கொண்டே வந்தான்.

சும்மாதான் கேட்டேன். "அந்த மச்சான்-ங்கது யாரு பாயிண்டு?"

அமுக்கிப் பார்த்தான். உடனே மெஷினைக் கவிழ்த்துவிட்டான். "தெரியல மைனி."

"காட்டு."

"மைனி, வீட்டுக்குப் போங்க."

"காட்டுங்கேன்."

செலஸ்டின் அண்ணன் மெஷின். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. இதற்குத்தானா அன்றைக்கு அப்படிப் பதறினார், நல்ல பாயிண்ட் போய்விடும் என்று. அப்புறம் தேதியைப் பார்த்தேன். செப்டம்பர் பாதி, ரெண்டு வருஷம் முன்பு. கஸ்மீர் போனது அதே வருஷம் ஆகஸ்ட் கடைசி. கூட வருகிறவர்கள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் பெரிய வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு, சின்ன வள்ளத்தில் தனியாகப் போனார்.

ஈருள்ளிப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கலவாய் மணலில் இருக்காது. அதற்குக் கல் வேண்டும், பொந்து வேண்டும். மணலில் கல் தானாக முளைக்காது. ஏதாவது போய் விழுந்தால்தான் உண்டு. கடலுக்குள் போன தோணியைவிட நல்ல கல் எதுவும் கிடையாது என்று கஸ்மீரே சொல்வார். மீன் விற்றுப் பிழைக்கிற எனக்கு இது தெரியாதா. இந்த ரெண்டு வருஷம், எந்தக் கல்லில் பிடித்த கலவாய் அண்ணே என்று ஒரு நாள் நான் கேட்டதில்லை.

இதற்குமேல் எழுத வரவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஊசி கீழே விழுந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அங்க என்ன கெடக்கு?" என்றேன்.

மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நங்கூரம் மாட்டுச்சு தங்கச்சி. இழுத்தா வரல. சங்கு எடுக்க வந்தவன எறங்கிப் பாக்கச் சொன்னேன். நீல வள்ளம், பாதிதான் இருக்கு, கப்பல் ஏதோ இடிச்ச மாதிரி இருக்குன்னான். சகாய மாதா-ன்னு எழுதியிருக்குன்னான்."

சகாய மாதா. நான்தான் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தேன்.

"அவிய இருந்தாவளா?"

"கேக்காத தங்கச்சி."

"இருந்தாவளா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"சொல்லத்தான் வந்தேன், ஆணையா. அன்னைக்கு வாசல்ல நின்னு அவன் நம்பருக்குக் காசு போட்டுட்டு இருந்த. ரிங் போவும் அண்ணே, நாளைக்குப் போவும்-ன்ன. எனக்கு வாய் வரல. மறுவாரம் சொல்லுவோம்ன்னு வந்துட்டேன். மறுவாரமும் வரல."

அதை நம்புகிறேன். நம்பித்தான் ஆகவேண்டும், பொய் சொல்கிற முகம் இல்லை அது.

"சரி. சொல்ல வாய் வரல. அங்க தூண்டி போடக் கை எப்பிடி வந்துச்சு?"

ஊசியைத் தேடுகிற மாதிரி மணலைத் தடவினார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார். "மீனு கெடந்துச்சு தங்கச்சி."

எழுந்து வந்துவிட்டேன். வழியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எத்தனை சனிக்கிழமை. எத்தனை குழம்பு. தலைதான் ருசி என்று வழித்து வழித்துத் தின்றேனே.

அக்டோபர் 25, சனி

வேலைக்குப் போகவில்லை. பிரிட்டோவிடம் வயிற்றுவலி என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஏலக்கூடத்தில் கலவாய் குவிந்து கிடக்கிறது. ஊர் மொத்தமும் அங்கேதான் போகிறது. "மச்சான்ல இன்னைக்கு நமக்கு யோகம்" என்று ஒருவன் சொன்னால், "மச்சான் குடுத்தான்" என்று மற்றவன் சொல்கிறான். சிரிக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. செலஸ்டின் வாயைத் திறக்கமாட்டார். ஹெர்மனுக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போகிறான்.

நான் சாளை மட்டும் எடுத்தேன். "என்னட்டி, கலவாய் வேண்டாங்கியா? கண்ணு அவிஞ்சி போச்சா?" என்றாள் சலோமி. உடம்புச் சூடு என்றேன்.

அக்டோபர் 29, புதன்

கம்பெனியிலிருந்து எல்லாருக்கும் மெசேஜ். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். நவம்பர் மூன்றாம் தேதி சரிசெய்த பதிப்பு வரும், அடுத்தவர் மெஷினிலிருந்து வந்த பாயிண்ட் எல்லாம் தானாக அழிந்துவிடும், அவரவருடையது அவரவருக்கு.

ஊரில் ஒரே சந்தோஷம். இன்னாசி மாமா கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். முதலில் புகார் கொடுத்தவள் நான்தானாம், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் ஹெர்மனிடம் போய், அழியாமல் வைக்க வழி உண்டா என்று கேட்டேன். அவன் திகைத்துப் போனான்.

"அதுக்குள்ள அங்க போய் நின்னு, உங்க மெஷின்லயே நீங்களே ஒருக்கா அமுக்கிக் குறிச்சிட்டா அது உங்க பாயிண்டு மைனி. அத யாரும் அழிக்க முடியாது" என்றான். பிறகு மெதுவாக, "நான் வேணா கூட வாரேன் மைனி" என்றான். பாவம், எல்லாம் தெரிந்துதான் இருக்கிறான்.

அக்டோபர் 31, வெள்ளி

இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று ஊர் வெறிபிடித்தது போல ஓடுகிறது. அழிவதற்குள் பிடித்ததெல்லாம் லாபம் என்கிறார்கள். வள்ளத்துக்கு வள்ளம் முட்டிக்கொண்டு மச்சான் மேல் நிற்கிறதாம். கொக்கி அடியில் மாட்டினால் பலம்கொண்டு இழுக்கிறார்களாம். பலகை பலகையாக ஏதோ பெயர்ந்து வருகிறது என்று பிரிட்டோ சாப்பிடும்போது சொன்னான். நீலப் பெயிண்ட் அடித்த துண்டாம்.

தட்டில் இருந்ததை நான் கோழிக்குக் கொட்டினேன்.

நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? அங்கே யார் இருக்கிறார் என்று சொல்லாமல் எப்படி நிறுத்துவது? அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார்? ரெண்டு வருஷமாக மாமியார் வீட்டார் வந்து அவர் ஆத்துமாவுக்குப் பூசை வைப்போம் என்று கேட்டார்கள். நான் விளக்குமாற்றைத் தூக்கினேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஊரே மெழுகுதிரியோடு போகும்போது, செத்தவர் வீட்டுக்கல்லவா கல்லறை என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

நவம்பர் 1, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் ஏலம் தொடங்கும் நேரம். முதல் குவியலே கலவாய். கூவுகிறவர் வாயைத் திறக்குமுன் நான் போய் மீனுக்கு முன்னால் நின்றேன். என்னவோ விலை தகராறு என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்த மச்சான் பாயிண்டுல கெடக்கது கல்லு இல்ல," என்றேன். "எங்க வீட்டு வள்ளம். சகாய மாதா. எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. அவரு செத்துப் போனாரு. இனி அங்க தூண்டி போடாதிய."

செத்துப் போனாரு என்று என் வாய் சொன்னதை என் காது கேட்டது. அதற்கு முன்னால் அந்த வார்த்தையை அவரோடு சேர்த்து நான் சொன்னதே இல்லை.

சலோமி கூடையை இறக்கிவைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று அவள் வீட்டிலும் கலவாய்தான். பிரிட்டோ தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "எக்கா, நான் பிடிச்சேனேக்கா, நான் பிடிச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இன்னாசி மாமா தார்ப்பாயை எடுத்துவந்து மீன்மேல் போட்டு மூடினார். யாரோ செலஸ்டின் பேரைச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. ஏலம் நடக்கவில்லை.

அங்கிருந்து நேரே பங்குச் சாமியாரிடம் போனேன். நாளைக் கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்கள் பேர் வாசிக்கும்போது ஒரு பேர் சேர்க்க வேண்டும் என்றேன். "மனசாரத்தான் சொல்றியாம்மா?" என்றார். கஸ்மீர் பர்னாந்து என்று சொன்னேன். அவருக்கு எழுத்துப் பிழை வந்தது, நானே பேனாவை வாங்கித் திருத்தினேன்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வள்ளம் இறக்கமாட்டார்கள். இன்று கோயில் கமிட்டியே இறக்கச் சொன்னது.

பூசையில் பேர் வாசித்தார்கள். அழுகை வரவில்லை. வேறு யாருடைய பேரோ மாதிரி இருந்தது. பிறகு செவ்வந்திப் பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு பிரிட்டோவின் வள்ளத்தில் ஏறினேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஏறினது, அதோடு இப்போதுதான். பாதி வழியிலேயே தலை சுற்றியது. பிரிட்டோ தண்ணீர் கொடுத்தான்.

தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே வள்ளங்கள் நின்றன. இன்றைக்குமா என்று பல்லைக் கடித்தேன். கிட்டே போனால் ஒருவர் கையிலும் தூண்டில் இல்லை. இன்னாசி மாமா வேட்டி சட்டையில் நின்றார். ஹெர்மன் கடலுக்குப் பயந்தவன், வள்ளத்தின் நடுவில் ரெண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாருக்கும் அப்பால், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், செலஸ்டின் வள்ளம் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றது. நான் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

பிரிட்டோ எஞ்சினை அணைத்தான். காற்று இல்லை. அப்போது அவன் மடியில் இருந்த மெஷின் பேசியது.

"மச்சான். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்."

நீரோட்டத்தில் பக்கத்து வள்ளம் கொஞ்சம் நகர்ந்து திரும்பியது. அதிலிருந்தும் வந்தது. "மச்சான். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்." அப்புறம் இன்னாசி மாமாவின் மெஷின். அப்புறம் அந்தப் பக்கத்து வள்ளம். ஒவ்வொன்றாக, மாறி மாறி, அதே குரல், அதே வார்த்தை. ஒருவர் நெஞ்சோடு அமுக்கிச் சத்தத்தை மறைக்கப் பார்த்தார், அது உள்ளிருந்தே சொன்னது. நிறுத்துகிற பொத்தான்தான் கிடையாதே.

அந்தக் குரலை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அவள்தான் எனக்கு எடுத்துச் சொன்னாள். பூசையில் வராத அழுகை அப்போது வந்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சோறு கொண்டுபோகாமல் போனீரே என்று சண்டை போட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும்.

மெழுகுதிரி அங்கே நிற்காது. பூவைப் போட்டோம்.

திரும்புமுன் பிரிட்டோவிடம் மெஷினை நீட்டச் சொன்னேன். அமுக்கினேன். பேர் கேட்டது. "என்னக்கா போட?" என்றான். கஸ்மீர் பர்னாந்து என்று முழுசாகப் போடச் சொன்னேன். அத்தனை எழுத்துக்கு இடம் இல்லையாம். கஸ்மீர் என்று மட்டும் நின்றது. போதும்.

நவம்பர் 3, திங்கள்

சொன்னபடி புதுப் பதிப்பு வந்தது. ஊரார் பாயிண்டெல்லாம் போயிற்று. பெர்ப்பி கோபம் மூன்றும் போயிற்று, சிரிப்பும் போயிற்று. எங்கள் நாற்பது சொச்சமும் நேற்றுக் குறித்த ஒன்றும் இருக்கிறது. அந்தப் பெண் குரலையும் எடுத்துவிட்டார்கள். புகார் நிறைய வந்ததாம்.

சந்தைக்குப் போனேன். சாளை நல்ல விலை. சலோமி பேசாமல் என் கூடையையும் சேர்த்துத் தூக்கி வைத்தாள்.

கஸ்மீர் நம்பருக்கு இந்த மாதக் காசு முடிகிறது என்று மெசேஜ் வந்திருக்கிறது. அதை அழிக்கவில்லை. காசும் போடவில்லை.